விளம்பரத்தை அளந்த வரலாறு



சில திங்களுக்கு முன்னர், விழுப்புரத்திற்கு மேற்கே உள்ள எங்கள் ஊராகிய காணையில், என்னிடம் முன்னாளில் வரலாறு பயின்ற இளைஞர் ஒருவரைச் சந்தித்தேன். இப்பொழுது அவர் விதையும் உரமும் விற்கும் கடை ஒன்றை நடத்திவருகிறார். தம் கடைக்காக அவர் சிறிய படம் ஒன்றை எடுத்துக் கைப்பேசி வாயிலாக வெளியிட்டிருந்தார். அதில் படம் உண்டு, பாட்டு உண்டு, பேச்சு உண்டு, எழுத்தும் உண்டு. பல்லூடகம் என்று இக்காலத்தார் கூறுவது இதனைத்தான். "ஐயா, ஆயிரக்கணக்கானோர் இதனைப் பார்த்திருக்கிறார்கள். எண்ணிக்கை இதோ இங்கேயே தெரிகிறது. ஆனால் கல்லாப்பெட்டியில் மட்டும் ஒரு மாறுதலையும் காணேன். இது வேலை செய்கிறதா, இல்லையா? எப்படி அறிவது?" என்று அவர் என்னைக் கேட்டார்.

நான் வணிகம் கற்றவன் அல்லேன், வரலாறு கற்பித்தவன். ஆயினும் அவர் கேட்ட கேள்வி எனக்குப் புதியதன்று. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் என் தாய்மாமனும் இதே கேள்வியைக் கேட்டார். அவருக்கும் முன்னர் உலகின் பல பகுதிகளில் வணிகர் பலர் கேட்டிருக்கின்றனர். எழுத்து, படம், ஒலி என்று ஊடகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றும் வந்தபொழுது, அதன் பயனை அளக்க ஒரு கோலும் உடன் வந்தது. அக்கோல்கள் எவற்றை அளந்தன, எவற்றை அளக்காமல் விட்டன என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

விளம்பரம் என்பது மிகப் பழைய தொழில். பட்டினப்பாலையைப் பயின்ற மாணவர்கள், காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த பலவகைக் கொடிகளை அறிவார்கள். கள் விற்கும் மனையைக் காட்டும் கொடியும் அவற்றுள் ஒன்று. அக்கொடியை எத்தனை பேர் பார்த்தனர் என்று எவரும் எண்ணவில்லை; எண்ணவேண்டிய தேவையும் இல்லை. கொடியும் கடையும் ஒரே இடத்தில் இருந்தன. பார்த்தவன் உள்ளே வந்தான், அல்லது தன் வழியே போனான். விற்பவன் கண்ணெதிரிலேயே கணக்கு முடிந்துவிட்டது. விளம்பரம் ஓரிடத்திலும் கடை வேறிடத்திலும் ஆன பொழுதுதான் அளவையின் தேவை பிறந்தது.

அந்தப் பிரிவினையைப் பெரிய அளவில் நிகழ்த்தியவை அச்சும் அஞ்சலும் ஆகும். நம் நாட்டில் 1877-ஆம் ஆண்டில் வி.பி.பி. என்னும் முறை தொடங்கியது. பொருள் அஞ்சலில் வரும்; தபால்காரரிடம் விலையைக் கொடுத்துப் பொருளைப் பெறலாம்; அப்பணம் விற்றவருக்குப் போய்ச் சேரும். 1880-இல் அஞ்சல் நிலையங்களே மணியார்டர் அனுப்பும் பணியையும் ஏற்றன. அதன் பின்னர், சென்னையிலுள்ள வணிகர் ஒருவர் ஒரு பத்திரிகையில் விளம்பரம் செய்து, தாம் முன்பின் காணாத ஊர்களில் உள்ளோருக்குப் பொருள் விற்பது எளிதாயிற்று.

இந்த அஞ்சல்வழி வணிகர்களே விளம்பரத்தை முதன்முதலில் செம்மையாக அளந்தவர்கள் ஆவர். அவர்கள் கையாண்ட உத்தி மிக எளியது. ஒரு பத்திரிகையில் வரும் விளம்பரத்தில் ஒரு குறியெண்ணையும், மற்றொரு பத்திரிகையில் வேறொரு குறியெண்ணையும் அச்சிடுவார்கள். எழுதுபவர் அக்குறியெண்ணைக் குறிப்பிட்டு எழுதவேண்டும். வந்த கடிதங்களைப் பிரித்துக் கட்டினால், எந்த விளம்பரம் எத்தனை வாடிக்கையாளர்களைக் கொணர்ந்தது என்பது விளங்கிவிடும். அமெரிக்காவில் கிளாடு ஹாப்கின்ஸ் என்பவர் இம்முறையை ஒரு சாத்திரமாகவே வகுத்து 1923-இல் நூலாக எழுதினார். நம் நாட்டிலும் இவ்வாணிகம் செழித்தது. எஸ்.எஸ். வாசன் அவர்கள் 1928-இல் ஆனந்த விகடனை வாங்குவதற்கு முன்னரே அஞ்சல்வழி வாணிகத்திலும் விளம்பரத் தொழிலிலும் பழகியவர். எந்தச் சொல் மக்களைக் கடிதம் எழுதத் தூண்டும் என்பதை அத்தொழிலில் இருந்தவர்கள் நாள்தோறும் வந்த அஞ்சல் கட்டிலிருந்தே கற்றார்கள்.

எல்லாப் பொருளையும் அஞ்சலில் விற்க இயலுமா? தலைவலித் தைலத்தையும் சவுக்காரத்தையும் மக்கள் தெருக்கோடிக் கடையிலேயே வாங்குவர். வாங்கும்பொழுது எந்தக் குறியெண்ணையும் சொல்வதில்லை. 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தோற்றுவித்த காசிநாதுனி நாகேசுவர ராவ் அவர்கள், சங்கீதக் கச்சேரிகளில் கூடியவர்களுக்கு அதனை இலவசமாக வழங்கினார் என்பர். தாம் தடவிப் பார்த்து நலம் கண்டவர், பின்னர்த் தாமே கேட்டு வாங்குவர் என்பது அவர் கருத்து. அது நல்ல விளம்பரம், ஐயமில்லை. ஆனால் அன்று தைலம் பெற்றவருள் எத்தனை பேர் பின்னர்க் கடைக்குச் சென்றனர் என்பதைச் சொல்லக்கூடிய கணக்கு எவரிடமும் இராது.

ஆகவே, வாங்கியவரை எண்ண இயலாதபோது, பார்த்திருக்கக்கூடியவரை எண்ணத் தொடங்கினார்கள். பத்திரிகைகள் தத்தம் விற்பனையை மிகைப்படுத்திக் கூறி விளம்பரக் கட்டணம் பெற்றுவந்த காலம் அது. அதனைத் தடுப்பதற்காக, 1914-இல் அமெரிக்காவிலும், 1931-இல் பிரிட்டனிலும், 1948-இல் இந்தியாவிலும் பத்திரிகை விற்பனையைத் தணிக்கை செய்யும் அமைப்புகள் தோன்றின. விளம்பரம் தருவோரும் பத்திரிகை நடத்துவோரும் விளம்பர முகவர்களும் கூடி அமைத்த அவ்வமைப்பு, ஆறு திங்களுக்கு ஒருமுறை விற்பனை எண்ணிக்கைக்குச் சான்று வழங்கியது. பொய்க்கணக்கு குறைந்தது. இது பெரிய நன்மையே. எனினும் அச்சான்று கூறியது விற்ற படிகளின் எண்ணிக்கையை மட்டுமே. எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் ஒரு நாளிதழை முப்பது பேர் பக்கம் பக்கமாகப் பிரித்துப் படித்தனர். அவர்களுக்கு அது ஒரு படியே. பெருநகரத்து அலுவலகம் ஒன்றில் பிரிக்கப்படாமலே பழைய தாள்காரருக்குப் போன படியும், அதே கணக்கில் ஒரு படியே.

இங்கே என் மாமாவின் கதையைக் கூறுதல் பொருந்தும். அவருக்கு விழுப்புரத்தில் சிறியதொரு ஜவுளிக்கடை இருந்தது. 1960-களின் நடுவில், அருகிலிருந்த டூரிங் கொட்டகையில் தம் கடைக்கு ஒரு சிலைடு போட்டார். கண்ணாடித் துண்டில் கடையின் பெயரும், சேலையுடுத்த பெண்ணின் உருவமும் எழுதி, இடைவேளையில் திரையில் காட்டுவார்கள். அப்பொழுது ஒலிபெருக்கியில் ஒருவர் கடையின் பெயரைச் சொல்வார். படமும் எழுத்தும் ஒலியும் அன்றே ஒன்றாய்ச் சேர்ந்துவிட்டன! கொட்டகைக்காரர் எத்தனை டிக்கெட்டு விற்றது என்பதைச் சொன்னார். மாமா அதில் நிறைவடையவில்லை. "படம் பார்த்தவன் எத்தனை பேர் என்று டிக்கெட்டுச் சொல்லும். என் கடைக்கு வந்தவன் எதைப் பார்த்து வந்தான் என்று யாரடா சொல்வது?" என்றார்.

அவரே ஒரு வழியும் கண்டார். 'சிலைடு பார்த்து வந்தேன்' என்று சொல்பவர்க்கு ஒரு கைக்குட்டை இலவசம் என்று அச்சிலைடிலேயே எழுதச் செய்தார். சனி, ஞாயிறுகளில் கடைக்குச் சென்று, அப்படிச் சொன்னவர்களின் பெயரையும் ஊரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. நான் அப்போது எட்டாம் வகுப்பு மாணவன். முதல் வாரம் சிலரே வந்தனர். அடுத்தடுத்த வாரங்களில் பட்டியல் நீண்டது. நான் பெருமகிழ்ச்சியோடு அதனை மாமாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை அணிந்துகொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்தார். பிறகு சிரித்தார். "இவர்களில் பாதிப் பேருக்கு மேல் என் தகப்பனார் காலத்திலிருந்தே நம் கடையில் துணி எடுப்பவர்கள். சிலைடு இல்லாவிட்டாலும் வந்திருப்பார்கள். கைக்குட்டை கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுச் சிலைடு பார்த்ததாகச் சொல்கிறார்கள்" என்றார்.

அத்தோடு முடியவில்லை. பங்குனியில் அவர் சிலைடை நிறுத்திவிட்டார். நிறுத்திய பின்னர் விற்பனை குறையும் என்று எதிர்பார்த்தேன், கூடியது! காரணம் எளிது. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலையைப் பிடுங்கும் காலம் அது. குடியானவர் கையில் பணம் புழங்கியது. வீட்டுக்கு வீடு துணி எடுத்தார்கள். சிலைடு அந்தத் திங்களிலும் ஓடியிருந்தால், மல்லாட்டைக்குரிய புகழை நாங்கள் சிலைடுக்குச் சூட்டியிருப்போம். பின்னாளில் நான் படித்த பெரிய ஆய்வுகள் பலவற்றைவிட அந்த நோட்டுப் புத்தகம் எனக்கு மிகுதியாகக் கற்பித்தது. விளம்பரத்திற்குப் பின் நடந்ததெல்லாம் விளம்பரத்தால் நடந்ததன்று என்பதே அப்பாடம்.

இனி வானொலிக்கு வருவோம். சென்னையில் 1924-ஆம் ஆண்டு தனியார் வானொலிக் கழகம் ஒன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. அது நலிந்தபின் 1930-இல் மாநகராட்சி அப்பணியை ஏற்றது. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939-இல் திருச்சி நிலையமும் தோன்றின. எங்கள் பகுதிக்கு மிக அண்மையில், புதுச்சேரியில், 1967-இல் ஒரு நிலையம் எழுந்தது. வானொலிக்கு டிக்கெட்டு இல்லை. விற்ற படி இல்லை. காற்றில் கலந்த சொல்லை யார் கேட்டார் என்று எப்படி அறிவது?

மேனாட்டார் இதற்குப் பல வழிகளை நாடினர். அமெரிக்காவில் 1930-இல் ஆர்ச்சிபால்டு கிராஸ்லி என்பவர், வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசி, முன்னாள் எந்நிகழ்ச்சியைக் கேட்டீர்கள் என்று வினவும் முறையைத் தொடங்கினார். தொலைபேசி இல்லாத ஏழை வீடுகள் இக்கணக்கில் இடம்பெறவில்லை. பிரிட்டனில் 1936-இல் ராபர்ட் சில்வி என்பவரின் தலைமையில், பி.பி.சி. நிறுவனம் நேயர் ஆய்வுப் பிரிவொன்றை அமைத்தது. 1942-இல் அமெரிக்க நீல்சன் நிறுவனம், வானொலிப் பெட்டியோடு இணைத்த ஒரு கருவியைக் கொண்டு, முள் எந்நிலையத்தில் எவ்வளவு நேரம் நின்றது என்று பதிவுசெய்து தரவரிசை வெளியிட்டது. கருவி பொய் சொல்லாது, மறக்கவும் செய்யாது. ஆனால் பெட்டி பாடிக்கொண்டிருக்கையில் அறையில் ஆள் இருந்தாரா என்பது அதற்குத் தெரியாது.

அந்தக் கருவியை எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து வானொலியில் பொருத்தியிருந்தால் என்ன கூறியிருக்கும்? ஒரு பெட்டி, ஒரு நிலையம், இரண்டு மணி நேரம் என்று கூறியிருக்கும். மாலையில் அதன்முன் திண்ணையிலும் தரையிலும் அமர்ந்து கேட்டவர்களை அது அறிந்திராது. தலைச்சுமையோடு சற்றே நின்று கேட்டுப் போன பெண்களை அறவே அறிந்திராது.

நம் நாட்டில் வணிக விளம்பரத்தை வானொலியில் கேட்கும் பழக்கம் இலங்கையிலிருந்து வந்தது. 1950-ஆம் ஆண்டு இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. அகில இந்திய வானொலி 1967 நவம்பரில்தான் பம்பாய், புனே, நாகபுரி ஆகிய இடங்களில் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் இந்திய வணிகர் கடல் கடந்து இலங்கைக்கே விளம்பரம் அனுப்பினர். கடலுக்கு அப்பாலிருந்து ஒலிபரப்பி, இங்கே பற்பசை விற்பதை எவ்வாறு அளப்பது? கடிதங்களை எண்ணினார்கள். 1952-இல் தொடங்கிய பினாக்கா கீத்மாலா என்னும் இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியை அமீன் சயானி நடத்தினார். முதல் நிகழ்ச்சிக்கு ஒன்பதாயிரம் கடிதங்கள் வந்தன என்றும், நாளடைவில் அது வாரத்திற்கு 65,000 வரை வளர்ந்தது என்றும் அவர் பின்னாளில் கூறியுள்ளார். பிரித்துப் பார்க்கவும் இயலாத கடிதக் குவியலைக் கண்டு விளம்பரதாரர் மகிழ்ந்திருப்பர், அதில் வியப்பில்லை.

ஆயினும் மாணவர்கள் இங்கே சற்று நின்று எண்ணவேண்டும். கடிதம் எழுதுவோர் யார்? எழுதப் படிக்கத் தெரிந்தவர். அஞ்சலட்டைக்குக் காசும், எழுத ஓய்வும் உடையவர். என் அன்னையார் இலங்கை வானொலியை நாள் தவறாமல் கேட்டவர். அடுத்த வீட்டு வானொலியில், சுவருக்கு இப்பால் அடுப்படியில் அமர்ந்து கேட்டவர். எந்தச் சோப்பு வாங்குவது என்று எங்கள் வீட்டில் முடிவு செய்தவரும் அவரே. அவருக்கு எழுதத் தெரியாது. ஒரு கடிதமும் அவரிடமிருந்து கொழும்புக்குப் போனதில்லை. எண்ணப்பட்டவர் வேறு, வாங்கியவர் வேறு.

இவ்வாறு உலகமெங்கும் தலைகளையும் கடிதங்களையும் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், நம் நாட்டில் வேறு நோக்குடைய ஆய்வொன்று நடந்தது. அது வணிக ஆய்வு அன்று. ஆயினும் அளவையின் வரலாற்றில் அதற்குச் சிறந்ததோர் இடம் உண்டு. 1956-ஆம் ஆண்டு, அன்றைய பம்பாய் மாநிலத்தில், புனேயைச் சூழ்ந்த மராத்தி மாவட்டங்களில் 150 சிற்றூர்களில் வானொலி மன்றங்கள் அமைந்தன. ஒவ்வொரு மன்றத்திலும் இருபது பேர் அளவில் கூடி, வேளாண்மையும் ஊர் நலமும் பற்றிய இருபது ஒலிபரப்புகளைக் கேட்டுக் கலந்துரையாடினர். டாட்டா சமூகவியல் நிறுவனத்தைச் சார்ந்து பால் நியூராத் என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்தார். எத்தனை பேர் கேட்டனர் என்பதோடு அவர் நிற்கவில்லை. கேட்பதற்கு முன் மக்களுக்கு என்ன தெரிந்திருந்தது, கேட்டபின் என்ன தெரிந்தது என்று வினவினார். அதனினும் மேலாக, மன்றம் உள்ள ஊர்களை, வானொலி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களோடும், வானொலியே இல்லாத ஊர்களோடும் ஒப்பிட்டார்.

முடிவு தெளிவாக இருந்தது. மன்றம் இருந்த ஊர்களில் அறிவு பெரிதும் வளர்ந்தது. வானொலி மட்டும் இருந்த ஊர்களில் சிறிதே வளர்ந்தது. வானொலியும் இல்லாத ஊர்களில் வளர்ச்சி மிகமிகக் குறைவு. கேட்பது மட்டும் போதாது, கூடிப் பேசவும் வேண்டும் என்பது அதனால் விளங்கிற்று. இதன் பயனாக 1959-இல் வானொலி ஊரக மன்றங்கள் நாடு முழுவதற்கும் விரிந்தன. இவ்வொப்பீட்டின் சிறப்பை மாணவர்கள் உணர வேண்டும். 'ஒலிபரப்பு இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும்?' என்னும் கேள்விக்கு, ஒலிபரப்பு எட்டாத ஊர்களைக் கொண்டே விடை கண்டனர். என் மாமா மல்லாட்டைப் பருவத்தில் தடுமாறிய இடம் இதுவே. அதே பருவத்தில், அதே மண்ணில், சிலைடு காட்டாத மற்றோர் ஊர் அவருக்கு ஒப்பிடக் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் இனிய சான்று உண்டு. 1960-களின் நடுவில், ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 என்னும் நெல் வகையைத் திருச்சி வானொலி தஞ்சை உழவர்க்கு விடாது எடுத்துரைத்தது. உழவர்கள் அதன் எண்ணை மறந்து, 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டுக் கடைகளில் விதை கேட்டனர். விதையின் பெயரிலேயே அதனை அறிவித்த வானொலியும் நிலைத்துவிட்டது. வாங்குபவர் தம் வாயாலேயே குறியெண்ணைச் சொல்லும் அஞ்சல் வாணிகத்தின் உத்தி, எவரும் திட்டமிடாமலே வயல்வெளியில் நிகழ்ந்தது. உழவர் அவ்வொலிபரப்பை மதித்தது பாட்டுக்காக அன்று. தம் வயலுக்குப் பயன்படும் செய்தி அதில் இருந்தமையால்.

தொலைக்காட்சி வந்தது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கியது. 1976 சனவரி முதல் நாள் தொலைக்காட்சியில் விளம்பரங்கள் இடம்பெறலாயின. அதே 1975-ஆம் ஆண்டில், செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளைக் காட்டும் ஓராண்டுச் சோதனையும் தொடங்கியது. அதன் விளைவை அறிய, ஆய்வாளர் சிலர் சிற்றூர்களிலேயே பல திங்கள் தங்கி மக்களோடு பழகினர். பின்னர் வணிகம் தொலைக்காட்சியைப் பற்றிக்கொண்டபோது, அளக்கும் பணி மீண்டும் கருவிக்குப் போயிற்று.

வணிகர்கள் பெரிதும் நம்பிய கருவிக் கணக்கு நெடுங்காலம் நகரங்களோடு நின்றது. 2006-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியது. எங்கள் காணை போன்ற ஊர்களில் குடிசைக்குள்ளும் தொலைக்காட்சி ஒளிர்ந்தது. ஆனால் அக்குடிசை எக்கணக்கிலும் இல்லை. இந்தியா முழுவதற்குமான சிற்றூர்களின் அளவு, பார்க் என்னும் அமைப்பின் வாயிலாக 2015 அக்டோபரில்தான் முதன்முறையாக வெளிவந்தது. வெளிவந்த உடனே தரவரிசை மாறியது. கட்டணமின்றிக் கிடைத்த அலைவரிசைகள், நகரத்தார் பொருட்படுத்தாதவை, மேலேறின. விளம்பரப் பணமும் அவற்றை நோக்கித் திரும்பியது. மக்கள் ஓரிரவில் மாறிவிடவில்லை. முன்னரும் அவற்றைத்தான் பார்த்தனர். எண்ணாதவரை அவர்கள் வணிகர் கண்ணுக்கு இல்லாதவர்களாய் இருந்தனர். எண்ணப்படாதவர்க்காக எவரும் நிகழ்ச்சி அமைப்பதில்லை. அளவைக் குறைபாட்டின் தீமை இதுதான்.

அப்புதிய முறை நுட்பமானது. நிகழ்ச்சியின் ஒலியோடு மனிதர் செவிக்கு எட்டாத ஒரு குறியைக் கலந்து அனுப்புவர். வீட்டிலுள்ள கருவி அக்குறியை அறிந்து பதிவுசெய்யும். 2020-ஆம் ஆண்டளவில் இக்கருவி பொருத்தப்பட்ட வீடுகள் ஏறத்தாழ 44,000. அன்று நாட்டில் தொலைக்காட்சியுள்ள வீடுகள் 21 கோடி. வகுத்துப் பாருங்கள்: ஒரு வீடு, ஏறக்குறைய 4,800 வீடுகளுக்காகப் பேசியது. முறையாகத் தேர்ந்தெடுத்த மாதிரி பொய்யாகாது என்பது புள்ளியியல் தரும் உறுதி; ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றார் நம் முன்னோரும். ஆனால் அந்த ஒரு சோற்றின் விலை மிக உயர்ந்தது. கருவியுள்ள வீடுகளைக் கண்டறிந்து கையூட்டு அளித்தனர் என்ற குற்றச்சாட்டு எழுந்ததும், 2020 அக்டோபரில் செய்தி அலைவரிசைகளின் தரவரிசை வெளியீட்டை நிறுத்தினர். அது 2022 மார்ச்சில்தான் மீண்டும் வெளிவந்தது. அளவுகோலின்மேல் பணம் ஏறி அமர்ந்தால், கோலையே வளைக்க முயல்வோர் தோன்றுவர்.

இறுதியாக இணையம். 1994 அக்டோபரில் அமெரிக்க இணைய இதழ் ஒன்றில் முதல் பட்டை விளம்பரம் தோன்றியது. கண்டவருள் நூற்றுக்கு 44 பேர் அதனைச் சொடுக்கினர் என்பர். புதுமை தேய்ந்தபின் அத்தகைய விளம்பரங்களில் நூற்றுக்கு ஒருவர் சொடுக்குவதே அரிதாயிற்று. அடுத்து அசையும் படங்கள் வந்தன, பார்வைகளை எண்ணினார்கள். 'பார்வை' என்பது என்ன? 2014-இல் அமெரிக்க அளவை மன்றம் ஒன்று வகுத்த இலக்கணப்படி, விளம்பரப் படத்தின் பாதிப்பரப்பு இரண்டு விநாடி தொடர்ந்து திரையில் தெரிந்தால் அது பார்க்கத்தக்க விளம்பரமாகும். இரண்டு விநாடி! கண் இமைத்துத் திறக்கும் நேரத்திற்குச் சற்றே மிகுதி.

2016-இல் பேஸ்புக் நிறுவனம் தான் வெளியிட்ட கணக்கில் பிழை நேர்ந்ததை ஒப்புக்கொண்டது. ஒருவர் ஒரு படத்தைச் சராசரி எவ்வளவு நேரம் பார்த்தார் என்று காணும்போது, மூன்று விநாடிக்கு மேல் பார்த்தவர்களின் தொகையால் மட்டுமே வகுத்திருந்தது. மாணவர்களுக்கு விளங்கும்படி கூறுவேன். ஒரு வகுப்பில் அனைவரும் பெற்ற மதிப்பெண்களைக் கூட்டி, தேர்ச்சி பெற்றவர்களின் தொகையால் மட்டும் வகுத்தால் சராசரி எவ்வளவு உயர்ந்து தோன்றும்! ஏறத்தாழ ஈராண்டுகள் அக்கணக்கே வழங்கியது. கூட்டலும் வகுத்தலும் பொறி செய்தாலும், எதனால் வகுப்பது என்று முடிவு செய்பவர் மனிதரே.

மற்றொரு நிகழ்ச்சி இன்னும் சிந்திக்கத்தக்கது. ஈபே என்னும் இணைய அங்காடி, தேடுபொறிகளில் விளம்பரத்திற்குப் பெரும்பணம் செலவிட்டு வந்தது. 2012-இல் அதன் பொருளியல் ஆய்வாளர் சில விளம்பரங்களையும், சில வட்டாரங்களில் விளம்பரத்தையும் நிறுத்தி, நிறுத்தாத இடங்களோடு ஒப்பிட்டனர். அங்காடியின் பெயரையே தேடியவர்கள், விளம்பரம் இல்லாதபோதும் வந்துசேர்ந்தனர். பழகிய வாடிக்கையாளரிடம் விளம்பரம் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை; புதியவரிடமும் எப்போதோ வருபவரிடமும்தான் பயன் தெரிந்தது. 2015-இல் வெளிவந்த அவ்வாய்வைப் படித்தபோது என் மாமாவின் நோட்டுப் புத்தகம் என் கண்முன் நின்றது. கைக்குட்டை வாங்கிப்போன பழைய வாடிக்கையாளர்களே அங்கும் வந்திருந்தனர். ஆய்ந்த முறையோ, 1956-இல் புனேயைச் சூழ்ந்த சிற்றூர்களில் கண்ட முறையின் உறவு.

காணையின் விதைக்கடை இளைஞரிடம் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தேன். இருவரும் ஒரு சிறு சோதனை செய்தோம். முதலில், அவருடைய படத்தைப் பார்த்தவர் எவ்வூரினர் என்று கைப்பேசி தரும் கணக்கிலேயே பார்த்தோம். பெரும்பாலோர் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருந்தனர். வேடிக்கையான படம், நகைத்துவிட்டு நண்பர்க்கு அனுப்பியிருந்தனர். அவர்களுக்கு விதையும் வேண்டா, உரமும் வேண்டா.

பிறகு அவர் வேறொரு படம் எடுத்தார். அதில் பாட்டு இல்லை, வேடிக்கை இல்லை. மல்லாட்டை விதைக்குமுன் விதைநேர்த்தி செய்வது எப்படி என்று, தம் கையாலேயே விதையில் மருந்தைக் கலந்து காட்டினார். அதனை மாம்பழப்பட்டுப் பக்கத்து உழவர் குழுக்களுக்கு மட்டும் அனுப்பினார். கெடார்ப் பக்கத்துக் குழுக்களுக்குச் சில வாரம் அனுப்பாமல் வைத்தார். கடைக்கு வருவோரிடம் ஊரையும், முன்னர் வந்ததுண்டா என்பதையும் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்தார். படத்தைப் பார்த்தவர் சில நூறு பேரே. ஆனால் மாம்பழப்பட்டுப் பக்கத்திலிருந்து புதிய முகங்கள் வந்தன. கெடார்ப் பக்கத்திலிருந்து அவ்வாறு வரவில்லை. சிறிய சோதனைதான், இரண்டு பக்கங்களை ஒருமுறை ஒப்பிட்டதால் மட்டும் எதுவும் நிலைநாட்டப்படவில்லை என்று அவரிடமே கூறினேன். அடுத்த பருவத்தில் பக்கங்களை மாற்றிப் பார்ப்பதாக அவர் கூறியுள்ளார்.

மாணவர்களே, உங்களுள் பலர் நாளை வணிகத்திலோ, செய்தித் துறையிலோ, அரசுப் பணியிலோ அமர்வீர்கள். உங்கள் முன்னே எண்கள் வந்து குவியும். அவற்றை வெறுக்காதீர்கள், எண்ணாமல் நடத்தும் தொழில் இருட்டில் நடப்பதற்கு ஒப்பாகும். ஆனால் ஒவ்வோர் எண்ணையும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எதை எண்ணியது, பார்த்தவரையா, வாங்கியவரையா? இதில் எண்ணப்படாமல் விடுபட்டவர் யார்? இந்த விளம்பரம் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும்? முதற் கேள்விக்கு விடையைத் தணிக்கையாளரும் கருவியும் தருவர். மற்ற இரண்டிற்கும் விடை காண, நீங்களே எழுந்து சென்று மக்களிடம் கேட்கவேண்டியிருக்கும்.

என் மாமா தம் நோட்டுப் புத்தகத்தைக் கடைசிவரை தூக்கி எறியவில்லை. கைக்குட்டைக் கணக்கு முடிந்த பக்கத்திற்குப் பின்னர், கடைக்குப் புதிதாக வந்தவர்களின் பெயரையும், யார் சொல்லி வந்தனர் என்பதையும் அவரே எழுதி வந்தார். 'அண்டை வீட்டார் சொல்லி', 'அக்காள் எடுத்த சேலையைப் பார்த்து' என்று பல பக்கங்கள். சிலைடு பார்த்து வந்ததாக எழுதிய புதியவர் பெயர்களும் ஆங்காங்கே உண்டு. அவை சிலவே. ஆனால் அவை உண்மையானவை. மறு ஆண்டு அவர் மீண்டும் சிலைடு போட்டார். கைக்குட்டையை மட்டும் நிறுத்திவிட்டார்.